காந்தி சிலையடியில் ஐந்து பேர்: ஒரு வழக்கில் சாட்சி எப்படித் தீர்ந்துபோனது

திருகோணமலையில் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் எங்கே போவது என்று யாரும் யோசிப்பதில்லை. கால் தானாகக் கடற்கரைப் பக்கம் திரும்பும். கச்சான் வண்டிக்காரர் சுளகில் வறுத்ததைப் புடைத்துக்கொண்டிருப்பார். ஊருக்குள் உலாவும் புள்ளிமான்கள் கடதாசிச் சுருளை மென்றுகொண்டு ஆட்களுக்கு நடுவே நிற்கும். ஒரு பக்கம் பிரெட்றிக் கோட்டை, அதன் மேட்டில் கோணேசர் கோயில், கோட்டைக்குள் இராணுவ முகாம். கடற்கரை வீதியில் காந்தி சிலை. சிலையடிச் சுவரில் பெடியன்கள் குந்தியிருந்து கதைப்பது இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாக நடப்பது.

2006 ஜனவரி 2 ஆம் திகதி அந்தச் சுவரில் இருந்தவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். ஏழு பேர். பாடசாலைக் காலத்திலிருந்தே கூட்டாளிகள். இரவு எட்டரை மணிக்குள் அவர்களில் ஐந்து பேர் செத்துக் கிடந்தார்கள். ஐவரும் 1985 இல் பிறந்தவர்கள். அதாவது ஒருவருக்கும் இருபத்தொரு வயதுகூட ஆகவில்லை.

இந்த வழக்கை உலகம் 'திருகோணமலை ஐவர்' என்று அறியும். ஐ.நா. அறிக்கைகளில் இருக்கிறது, இரண்டு ஆணைக்குழுக்களின் பக்கங்களில் இருக்கிறது. ஆனாலும் இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. 2019 இல் நீதிமன்றம் சொன்ன காரணம் போதிய சாட்சியம் இல்லை என்பது. எனக்கு இதில் ஒரே ஒரு கேள்விதான். நூற்றுக்கணக்கானோர் கூடும் கடற்கரையில், சுற்றிவரக் காவலரண்கள் இருந்த இடத்தில், நகரின் நடுவில் நடந்த கொலைக்கு எப்படிச் சாட்சி இல்லாமல் போகும்? சாட்சி முதலில் இருந்தது. அது எந்த எந்த இடத்தில், எந்த விதமாகக் கழன்று விழுந்தது என்று வரிசையாகப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் அந்த நாட்களின் நிலைமை. 2002 பெப்ரவரியில் கையெழுத்தான போர்நிறுத்தம் காகிதத்தில் உயிரோடு இருந்தது. 2005 ஓகஸ்டில் வெளிநாட்டமைச்சர் கதிர்காமர் கொல்லப்பட்டதும் அவசரகாலச் சட்டம் வந்தது. நவம்பரில் புதிய ஜனாதிபதி. டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் படையினர்மீது கிளைமோர்த் தாக்குதல்கள் தொடராக நடந்தன, பல சிப்பாய்கள் இறந்தார்கள். நகரத்துக்குள் அதே வருடம் மே மாதத்தில் ஓரிரவில் வைக்கப்பட்ட புத்தர் சிலையால் வந்த பகை வேறு ஆறவில்லை. இந்தச் சூட்டில்தான் விசேட அதிரடிப் படைப் பிரிவொன்று திருகோணமலை நகருக்குக் கொண்டுவரப்பட்டது, சம்பவத்துக்குச் சில நாட்களுக்கு முன்பு. அதிரடிப் படை என்பது இராணுவம் இல்லை. பொலிஸ் திணைக்களத்தின் ஒரு பிரிவு. ஆகவே நடந்ததைப் போர்க்களச் சாவு என்று எந்த விதத்திலும் சொல்ல முடியாது. பொலிஸ் நடவடிக்கையொன்றின்போது நிகழ்ந்த சாவு, பொலிஸ் சட்டத்துக்கும் குற்றவியல் நடவடிக்கைமுறைக்கும் உட்பட்ட சாவு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் வந்த எல்லாக் குழப்பமும் இந்த எல்லைக்கோட்டை அழித்ததில்தான் தொடங்குகிறது.

அன்றைய இரவைச் சாட்சியங்கள் இப்படிச் சொல்கின்றன. ஏழரை மணிக்குப் பிறகு பச்சை நிற ஆட்டோ ஒன்று வந்தது. அதிலிருந்து கைக்குண்டு வீசப்பட்டது. ஆட்டோ கோட்டைப் பக்கம் போய் மறைந்தது. கோட்டை வாசலில் இராணுவக் காவல் இருந்தது என்பதை ஊர்க்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. குண்டில் காயப்பட்ட பெடியன்கள் எழும்பி ஓடவும் முடியாமல் கிடந்தபோது சீருடைக்காரர் வந்தார்கள். அவர்களை வாகனத்தில் ஏற்றினார்கள், அடித்தார்கள், பிறகு வீதியில் தள்ளிவிட்டுச் சுட்டார்கள். கடற்கரை விளக்குகள் அணைந்திருந்தன. இருவர் காயத்தோடு தப்பினார்கள்.

கொல்லப்பட்ட ஐவரில் ஒருவனுடைய தகப்பன் வைத்தியர். குண்டு வெடித்த கையோடு மகன் கைத்தொலைபேசியில் அவருக்குத் தகவல் கொடுத்திருக்கிறான், படையினர் தங்களைச் சூழ்ந்துவிட்டார்கள் என்று. வீடு கடற்கரையிலிருந்து தூரமில்லை. அவர் ஓடி வந்தார். கடற்படையினர் வழியில் மறித்தார்கள், தாண்டிப் போக விடவில்லை. மறிப்புக்கு அந்தப் பக்கம் இருட்டுக்குள் தமிழில் கெஞ்சும் குரல்களையும் பிறகு வெடிச்சத்தத்தையும் கேட்டதாக அவர் பின்பு வாக்குமூலம் கொடுத்தார். ஒரு தகப்பன் மகனுக்கு எட்டும் தூரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதற்கு மேல் நான் அந்த இடத்தை விவரிக்கப் போவதில்லை.

சரி, சாட்சிக்கு வருவோம். முதல் சாட்சி உடல்கள்.

பாதுகாப்புத் தரப்பிலிருந்து வந்த முதல் விளக்கம், இளைஞர்கள் கொண்டு வந்த கைக்குண்டு அவர்களிடமே வெடித்து இறந்தார்கள் என்பது. அந்த விளக்கம் நின்றிருந்தால் வழக்கே இல்லை. மரண விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்திருக்கும், விபத்து மாதிரி. அன்றிரவு வைத்தியசாலைப் பிரேத அறையில் அந்த வைத்தியத் தகப்பனிடம் ஒரு காகிதம் நீட்டப்பட்டது. மகன் விடுதலைப் புலி உறுப்பினன் என்று கையெழுத்து வைத்தால் உடலை உடனே கொண்டுபோகலாம். அவர் வைக்கவில்லை.

இந்த நாட்டில் உறவினரைப் பறிகொடுத்த பலருக்கு அந்தக் காகிதம் தெரியும். பிள்ளையின் உடல் பனிப்பெட்டியிலோ வெறுந்தரையிலோ கிடக்கிறது, தாய் வீட்டில் மயங்கிக் கிடக்கிறாள், சனம் வாசலில் நிற்கிறது. ஒரு கையெழுத்துத்தானே என்று பெரியவர்களே சொல்வார்கள். வைத்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்தின் வேலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும். கொல்லப்பட்டவனை அது சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே தள்ளுகிறது, அதுவும் பெற்றவனின் கையாலேயே. பின்னால் எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் அந்தக் காகிதம் முதலில் வந்து உட்காரும். ஐவர் வழக்கு வழக்காக எஞ்சியதற்கு அவர் மறுத்தது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் ஒரு புகைப்படக் கருவி. 'சுடர் ஒளி' நாளிதழின் திருகோணமலைச் செய்தியாளர் சு. சுகிர்தராஜன் பிரேத அறைக்குள் போய் உடல்களைப் படம் எடுத்தார். படங்களில் துப்பாக்கிக் காயம் தெளிவாகத் தெரிந்தது. தலையில் பட்ட சூடு. கைக்குண்டுச் சிதறல் ஒருவருடைய தலையில் அப்படி ஓட்டை போடாது என்பதைப் பார்த்த எவரும் சொல்லிவிடலாம். படங்கள் பத்திரிகையில் வந்தன. பிரேத பரிசோதனையும் துப்பாக்கிச் சூட்டை உறுதிப்படுத்தியது. கைக்குண்டுக் கதை அத்தோடு விழுந்தது.

அந்தப் படங்கள் வெளியாகி மூன்று கிழமை. ஜனவரி 24 காலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்காகக் காத்து நின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். அவரைக் கொன்றதற்கும் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. படம் தப்பியது. ஆனால் நீதிமன்றத்தில் ஒரு படம் தானாகப் பேசாது. எடுத்தவர் கூண்டில் ஏறி, இன்ன நாள், இன்ன இடத்தில், நான் எடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லக்கூடிய ஆள் இப்போது இல்லை.

இந்த இடத்தில் மக்களின் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் சாட்சிகளுக்கு நடந்ததே எதிர்ப்புக்கும் நடந்தது. மறுநாளே நகரம் மூடிக்கொண்டது. ஹர்த்தால் என்றால் திருகோணமலைக்குப் புதிதில்லை. கடைப் பலகைகள் இறங்கும், பஸ் ஓடாது, சந்தை வெறிச்சோடும், கறுப்புக் கொடி கம்பங்களில் ஏறும். இந்தமுறை அதில் கோபத்தைவிடத் திகைப்பு அதிகம். புலிகளோடு தொடர்புள்ளவர்களைத்தான் படையினர் தேடுகிறார்கள், நம்முடைய பிள்ளை படிப்பு உண்டு தானுண்டு என்று இருக்கிறவன், அவனுக்கு ஒன்றும் வராது என்று நம்பியிருந்த நடுத்தர வீடுகள் அன்றைக்கு அந்த நம்பிக்கையை இழந்தன. வசதியுள்ளவர்கள் பிள்ளைகளைக் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் அனுப்பத் தொடங்கினார்கள். இதையும் பொதுமக்களின் எதிர்வினை என்றுதான் நான் எழுதுவேன். ஊர்வலத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுகிறவர்கள், பூட்டிய வீடுகளையும் எண்ண வேண்டும்.

ஹர்த்தால்களை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் திருகோணமலை மாவட்டத் தமிழ் மக்கள் பேரவையின் தலைவர் வ. விக்னேஸ்வரன். புத்தர் சிலை விவகாரத்திலும் அவர்தான் முன்னால் நின்றார். ஏப்ரல் 7 அவரும் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 12, புத்தாண்டுக்கு இரண்டு நாள் முன்பு, சனம் நிறைந்த மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. அதைத் தொடர்ந்து தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அதன் பிறகு கடற்கரையில் ஐந்து பேருக்காகக் கூட்டம் சேர்க்கும் நிலையில் ஊர் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் புதிய சாவு. ஓகஸ்டில் மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமொன்றின் ஊழியர்கள் 17 பேர் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். ஜனவரி 2 பழைய செய்தியாகிவிட்டது.

மூன்றாவது சாட்சி, துப்பாக்கிகள். அதிரடிப் படையினரின் ஆயுதங்கள் பரிசோதிக்கப்பட்டன. உடல்களில் எடுத்த குண்டுகளோடு அவை பொருந்தவில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் இது சந்தேகநபர்களுக்குச் சாதகம். பின்னாளில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அமெரிக்கத் தூதரகக் குறிப்பொன்றில் வேறொரு விடயம் இருக்கிறது. அன்றைய ஜனாதிபதிக்கு மிக நெருக்கமான ஒருவர் தூதுவரோடு பேசும்போது, செய்தது அதிரடிப் படைதான் என்று தங்களுக்குத் தெரியும், ஆனால் துப்பாக்கிச் சான்று அப்படிக் காட்டவில்லை, கொல்வதற்கென்று தனித் துவக்கு வைத்திருப்பார்கள் போலும் என்ற கருத்தில் பேசியதாக அதில் பதிவாகியிருக்கிறது. தூதரகக் குறிப்பு நீதிமன்றச் சான்று ஆகாது. அதை நானும் சான்றாக வைக்கவில்லை. பரிசோதனைக்கு எந்தத் துவக்கைக் கொடுப்பது என்பதைச் சந்தேகத்துக்குரிய தரப்பே தீர்மானிக்கும்போது அந்தப் பரிசோதனைக்கு என்ன பெறுமதி என்பதே என் கேள்வி. சம்பவம் நடந்தவுடனே சுயாதீனமான ஒருவர் ஆயுதக் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை எடுத்திருந்தால் கதை வேறு.

நான்காவது சாட்சி, மனிதர்கள். அன்றைக்குக் கடற்கரையில் நின்றவர்களில் பேச முன்வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். மரண விசாரணையில் துணிந்து சாட்சியம் சொன்ன வைத்தியர் குடும்பத்துக்கு மிரட்டல்கள் வந்தன. அவர் கடைசியில் நாட்டை விட்டே போக நேர்ந்தது. தப்பியவர்களும் வேறு சாட்சிகளும் போனார்கள். போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு பஸ் தரிப்பில் விழுந்துகிடந்த செய்தியாளரே பதில்.

2006 கடைசியில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று வந்தது. உயர் நீதிமன்ற நீதியரசர் நிசங்க உடலாகம தலைமை. 16 சம்பவங்கள் அதற்குக் கொடுக்கப்பட்டன, கடற்கரைக் கொலையும் மூதூர்க் கொலையும் அதில் அடக்கம். கூடவே இந்திய முன்னாள் பிரதம நீதியரசர் பி. என். பகவதி தலைமையில் வெளிநாட்டு நிபுணர் 11 பேர் கொண்ட குழு, வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க. நல்ல ஏற்பாடுதான், கேட்க. சட்டமா அதிபர் திணைக்களத்துச் சட்டத்தரணிகளே ஆணைக்குழுவில் சாட்சிகளை நெறிப்படுத்தினார்கள். அரசாங்கத்துக்கு ஆலோசனை சொல்கிற திணைக்களமே அரசாங்கப் படையை விசாரிக்கும் மேசையிலும் இருப்பதா என்று நிபுணர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெளிநாட்டிலிருந்த வைத்தியரிடம் காணொளி இணைப்பில் சாட்சியம் எடுத்தார்கள். அது பயன் தரத் தொடங்கியதும் அந்த வசதி நின்றுபோனது. 2008 இல் நிபுணர் குழு, அரசிடம் விருப்பம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது. 2009 ஜூனில் ஆணைக்குழுவின் காலம் நீடிக்கப்படவில்லை.

அறிக்கை 2015 வரை வெளிவரவில்லை. வந்தபோது அதில், கொலையில் சீருடை அணிந்தவர்கள் ஈடுபட்டிருந்தார்கள் என்று கருதுவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தது. இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, ஒருவித அலுப்புத்தான் வந்தது. ஊரில் கச்சான் விற்கிறவருக்கு 2006 ஜனவரி 3 ஆம் திகதியே தெரிந்திருந்த விடயம் அது. அரசாங்க முத்திரையோடு அச்சில் வர ஒன்பது வருடத்துக்கு மேல் எடுத்திருக்கிறது. இடையில் 2011 இல் நல்லிணக்க ஆணைக்குழுவும் இந்த வழக்கைத் தொடரச் சொல்லிப் பரிந்துரைத்திருந்தது.

கைது எப்போது நடந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. 2013 ஜூலையில் அதிரடிப் படையினர் 12 பேர் கைதானார்கள். அந்த வருடம் மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் நிறைவேறியிருந்தது. வைத்தியரான அந்தத் தகப்பனார் அங்கு நேரில் போய்ப் பேசியிருந்தார். ஓகஸ்டில் ஐ.நா. மனித உரிமை ஆணையாளர் நவி பிள்ளை வருவதாக இருந்தது, நவம்பரில் கொழும்பில் பொதுநலவாய மாநாடு. விருந்தாளி வருமுன் முற்றம் கூட்டுகிற மாதிரி. ஓக்டோபரில் எல்லோரும் பிணையில் வெளியே.

அதன் பிறகு திருகோணமலை நீதவான் நீதிமன்றத்தில் சுருக்கமுறையற்ற விசாரணை, அதாவது வழக்கை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பப் போதிய சாட்சியம் இருக்கிறதா என்று பார்க்கும் முதற்கட்ட விசாரணை. தவணை, மறு தவணை, அடுத்த தவணை. இலங்கை நீதிமன்றப் படிக்கட்டில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் களைப்புத் தெரியும். வழக்கு வரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் சாட்சிகள் கடல் கடந்து போய்விட்டார்கள். திரும்பி வரச் சொன்னால் வர மாட்டார்கள், சொல்வதும் நியாயமில்லை. பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் 2015 இல்தான் நிறைவேறியது, கொலை நடந்து ஒன்பது வருடம் கழித்து. அதிலும் காணொளிச் சாட்சியத்தை நாட்டுக்குள் இருந்துதான் கொடுக்கலாம் என்றிருந்தது. 2017 இல் திருத்தி, வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தூதரகங்களில் இருந்து கொடுக்கலாம் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். அரசாங்கப் படைக்குப் பயந்து ஓடியவர் அதே அரசாங்கத்தின் தூதரகப் படியேறி, முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு கதிரையில் உட்கார்ந்து அந்தப் படைக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டும். சட்டம் எழுதியவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. பயம் என்றால் என்ன என்று தெரியாதவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

2019 ஜூலை 3. போதிய சாட்சியம் இல்லை என்று வழக்கிலிருந்த 13 பேரையும் நீதவான் விடுவித்தார். முன்னால் இருந்த கோப்பை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. குறை அந்த அறையில் நடந்ததில் இல்லை. அதற்கு முந்தைய பதின்மூன்றரை வருடத்தில் இருக்கிறது. விடுதலையானவர்கள் சட்டத்தின் முன் குற்றவாளிகள் இல்லை, ஆகவே இங்கே யாருடைய பெயரையும் எழுதவில்லை. அதே சமயம் ஐந்து பேரையும் யார் சுட்டது என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இன்னும் விடை சொல்லவில்லை என்பதும் உண்மை.

இதே மாவட்டத்தில் இன்னொரு வழக்கு. 1996 பெப்ரவரி 11, குமாரபுரம். கிராமத்துக்குள் புகுந்த சிப்பாய்கள் பெண்கள், பிள்ளைகள் உட்பட 24 பேரைக் கொன்றார்கள். அங்கே சாட்சிகள் ஓடவில்லை, அதே மண்ணில் இருந்தார்கள், அடையாளமும் காட்டினார்கள். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலையில் முன்னாள் கோப்ரல்கள் ஆறு பேரும் யூரிகளால் விடுவிக்கப்பட்டார்கள். கடற்கரை வழக்கில் சாட்சிகள் நாட்டில் இருந்திருந்தால் நீதி கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

ஒவ்வொரு ஜனவரி 2 மாலையும் காந்தி சிலையடியில் சிலர் கூடுகிறார்கள். ஐந்து படங்கள், சுட்டி விளக்குகள், கொஞ்சம் பூ. அது வாடைக்காற்றுக் காலம். கடல் கொந்தளிப்பாக இருக்கும், விளக்கு நிற்காது. ஏற்றியதும் அணையும், கையால் மறைத்துக்கொண்டு மறுபடி ஏற்றுவார்கள். பக்கத்தில் மான் ஒன்று பூவைத் தின்ன வந்து நிற்கும், யாராவது சூ என்று விரட்டுவார்கள். தள்ளி நின்று கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறவர் வீட்டுக்காரரா, செய்தியாளரா, புலனாய்வா என்று மெல்லக் கேட்டுக்கொள்வதும் உண்டு.

2026 ஜனவரி 2 உடன் இருபது வருடம். இலங்கைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தில் 456 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. குற்றம் நடந்து 20 வருடம் கழிந்தால் வழக்குத் தொடரும் உரிமை போய்விடும் என்கிறது அது. தடயத்தை மறைத்தவர், பொய் அறிக்கை எழுதியவர், சாட்சியை மிரட்டியவர் எல்லோரும் அந்தக் கணக்கில் ஒவ்வொருவராக வெளியே போகலாம். அதே பிரிவு இரண்டு குற்றங்களுக்கு மட்டும் காலவரையறை வைக்கவில்லை. ஒன்று அரசத் துரோகம். மற்றது கொலை.